மூன்று புகழுரை, 298 வசையுரை



தம் நூலைப்பற்றி வரும் மதிப்புரைகளை எழுத்தாளர் படிப்பதுண்டா? "படிப்பதே இல்லை" என்று பெருமிதத்தோடு கூறுவோர் உண்டு, நம்பிவிடாதீர்கள்! படிப்பார். பாராட்டு எனில் பத்திரப்படுத்துவார். வசை எனில் கசக்கி எறிவார். எறிந்ததை இரவிலே தேடியெடுத்து, விளக்கருகே வைத்து, மீண்டும் ஒருமுறை படிப்பார். மனித இயல்பு அது. ஆனால், தம்மீது பொழியப்பட்ட வசைகளை ஒன்றுவிடாமல் வெட்டி, ஒட்டி, எண்ணி, கூட்டுத்தொகையும் போட்டு, நாட்டை ஆளும் சர்க்காருக்கே அனுப்பிவைத்த நாவலாசிரியர் ஒருவர் இருந்தார். அவரைப்பற்றித்தான் இன்று பேச விழைகிறேன்.

மிகயில் புல்ககோவ் என்பது அவர் பெயர். கீவ் நகரில் 1891-ல் பிறந்தவர்; மருத்துவம் பயின்றவர்; மருத்துவத்தை விட்டு மாஸ்கோ நகருக்குப் பேனாவோடு வந்தவர். அவரது 'வெண்படை' நாவல் 1925-ல் ஓர் இதழிலே தொடராக வந்தது. கதை முடியுமுன் இதழ் முடிந்துவிட்டது. அந்நாவலிலிருந்து பிறந்த 'துர்பின்களின் நாட்கள்' நாடகம் 1926 அக்டோபரில் மாஸ்கோ கலை அரங்கில் ஏறியது. அரங்கு நிரம்பி வழிந்தது. ஏடுகளிலோ ஏச்சு நிரம்பி வழிந்தது! விருந்தினர் கக்கிய எச்சிலைப் பொறுக்குபவர் என்றுகூட எழுதினர். 1929-ல் அவருடைய நாடகங்கள் அனைத்தும் மேடையை விட்டு இறக்கப்பட்டன. எழுதியது அச்சேறவில்லை, கையிலே காசில்லை.

1930 மார்ச் 28-ஆம் நாள், சோவியத் சர்க்காருக்கு அவர் ஒரு கடிதம் தீட்டினார். பத்தாண்டு எழுத்து வாழ்வில், நாட்டின் ஏடுகளில் தம்மைப்பற்றி வந்த மதிப்புரைகள் 301. அவற்றுள் புகழ்ந்தவை 3. பகைத்து வைதவை 298 என்று கணக்குக் காட்டினார். கண்ணீர் இல்லை, கணக்கு இருந்தது!

அடுத்து என்ன எழுதியிருப்பார் என்று எண்ணுகிறீர்கள்? "அத்தனையும் பொய், அவதூறு, நான் ஆட்சியின் நண்பன்" என்றா? அதுதான் இல்லை. அப்படி எழுதும்படி அறிவுரை கூறியவர்கள் இருந்தனர். ஆட்சிக்கு உகந்த நாடகமொன்று எழுது, மன்னிப்பு மடலொன்று விடு என்றனர். அவர் இணங்கவில்லை. மாறாக, விமரிசகர்கள் தம்மைச் சரியாகவே புரிந்துகொண்டனர் என்றார்! நான் அங்கத எழுத்தாளன், உண்மை. என் 'செந்தீவு' நாடகத்திலே எழுத்துச் சுதந்திரத்துக்கான குரல் கேட்கிறது என்று ஜெர்மன் ஏடுகள் எழுதினவே, அதுவும் உண்மை. இந்நாட்டிலே அங்கதத்துக்கு இடமில்லை என்றால் எனக்கும் இடமில்லை. வெளியே போக விடுங்கள். விடமாட்டீர்களா? அரங்கிலே உதவி இயக்குநர் வேலை கொடுங்கள். அதுவும் இயலாதெனில் கூட்டத்தில் ஒருவனாக மேடையில் நிற்கிறேன். அல்லது திரை இழுக்கும் தொழிலாளியாக இருக்கிறேன். இதுதான் அவர் வேண்டுகோளின் சாரம்.

மதிப்புரை கடுமையாக இருந்ததா குற்றம்? அன்று, நண்பர்களே! கடுமை விமரிசகனின் உரிமை. இங்கிலாந்திலே தாமஸ் ஹார்டியின் 'ஜூட்' நாவல் 1895-ல் வந்தபோது கிறித்தவப் பேராயர் ஒருவர் அதைத் தீயிலே எறிந்ததாகப் பத்திரிகைக்கே எழுதினார். ஹார்டி மனம் கசந்தார். நாவல் எழுதுவதையே விட்டுக் கவிதைக்குச் சென்றார். ஆயினும் அவர் நூல் கடையிலே இருந்தது, கவிதைகள் அச்சாயின. பேராயரிடம் தீக்குச்சி இருந்தது. அச்சகத்தின் சாவி இல்லை. புல்ககோவின் நாட்டிலோ, வசை எழுதிய கைக்கும் வாயிலைப் பூட்டிய கைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. 'துர்பின்'களைத் தாக்கி எழுதியோரில் முன்வரிசையில் நின்ற ஓசாஃப் லிடோவ்ஸ்கி, 1930 முதல் 1937 வரை நாடகத் தணிக்கைக் குழுவின் தலைவராகவே வீற்றிருந்தார்! அப்படிப்பட்டவர் எழுதுவது மதிப்புரையா, தீர்ப்புரையா?

கட்சி ஏட்டிலே எழுதுகிறோம், கட்சி ஏட்டைப் படிக்கிறீர்கள். ஆகவே இதை நாம் பேசாமல் வேறு யார் பேசுவது? நம் கருத்துக்கு ஒவ்வாத நாவலை வரிக்கு வரி மறுப்போம். அது நம் உரிமை. ஆனால் நாம் ஆதரிப்போர் ஆட்சிப் பீடம் ஏறிய மறுநாள், அதே மறுப்புரையின் எடை கூடிவிடுகிறது. எழுத்து அதேதான், பின்னே நிற்கும் காவலர் புதியவர்!

1930 ஏப்ரல் 14-ல் கவிஞர் மாயகோவ்ஸ்கி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். 18-ஆம் நாள் புல்ககோவ் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் ஸ்டாலின். கலை அரங்கில் உதவி இயக்குநர் வேலை கிடைத்தது. 1932-ல் 'துர்பின்கள்' மீண்டும் மேடை ஏறியது. 298 வசையுரைகள் முழங்கியதை மேலிடத்துச் சொல் ஒன்று மாற்றிவிட்டது எனில், அவற்றை எழுதியோரின் சொல்லுக்கு என்ன மதிப்பு? அவர்கள் எதற்குத்தான் அத்தனை ஆத்திரப்பட்டனர்?

விடையை நாவலாகவே எழுதினார் அவர். 'மாஸ்டரும் மார்கரீத்தாவும்' என்ற அந்த நூலிலே, தம் நாவல்மீது வந்த கண்டனங்களைப் படிக்கும் எழுத்தாளர் ஒருவர் வருகிறார். முதலில் சிரிக்கிறார். பிறகு வியக்கிறார்: இத்தனை மிரட்டலாக எழுதும் இவர்கள், தாம் சொல்ல விரும்புவதைச் சொல்லவில்லையே, இவர்களின் சீற்றத்துக்குக் காரணமே அதுதானோ என்று ஐயுறுகிறார். மூன்றாவதாக அச்சம் வருகிறது. கட்டுரைகளைக் கண்டல்ல, இருளைக் கண்டு. அவருடைய காதலி மார்கரீத்தா, லதூன்ஸ்கி என்ற விமரிசகரின் வீட்டில் புகுந்து, பியானோவைச் சம்மட்டியால் உடைத்து நொறுக்குகிறாள். கீழே ஒரு சிறுவன் அஞ்சி நடுங்குவதைக் கண்டதும் கையை நிறுத்துகிறாள். அந்தச் சிறுவனை அங்கே வைத்த மனத்தை எண்ணிப் பாருங்கள்!

புல்ககோவ் 1940 மார்ச் 10-ல் மறைந்தார். அவர் மனைவி எலேனா கையெழுத்துப் படியைக் காத்தார். 1966 நவம்பரிலும் 1967 ஜனவரியிலுமாக 'மாஸ்க்வா' இதழில், வெட்டுகளோடு, நாவல் வெளிவந்தது. லதூன்ஸ்கி என்ற பாத்திரத்துக்கு மூலம் லிடோவ்ஸ்கி என்பர் ஆய்வாளர். அவர் 1971 வரை உயிரோடிருந்தார்.