கம்பி நாற்காலியும் கைக்குழந்தையும்

என் அக்கா மகளுக்கு இது ஆறாம் மாதம். ஹாலுக்கென்று ஒரு கம்பி வலை நாற்காலி வாங்கப் போகிறாளாம். "சித்தி, பார்க்க எவ்வளவு லேசா இருக்கு! குழந்தை பிறந்ததும் இதுலேயே உட்கார்ந்து பால் கொடுத்துக்கலாமில்லே?" என்று படத்தைக் காட்டினாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அழகில் குறையே இல்லை. அவள் காட்டியது, ஹாரி பெர்டோயா என்ற சிற்பி வடிவமைத்த 'டயமண்ட்' நாற்காலியின் சாயலில் செய்தது. அவர் 1915-ல் இத்தாலியில் பிறந்து, 15 வயதில் அமெரிக்கா போனவர். 'நோல்' என்ற நிறுவனத்துக்காக அவர் அமைத்த அந்த நாற்காலி 1952-ல் வெளிவந்தது. உருக்குக் கம்பிகளை வளைத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்தது. அதில் பெரும்பங்கு காற்றுதான் என்று அவரே சொன்னதுண்டு.

காற்றோட்டம் நமக்கும் புதிதில்லை. நம் பிரம்பு நாற்காலியும் ஒயர் பின்னல் நாற்காலியும் அதற்குத்தானே! ஆனால் பின்னல் உடம்புக்குத் தக்கபடி கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். கம்பி அவ்வளவு கொடுக்காது; மெல்லிய சேலையோடு அரைமணி உட்கார்ந்தால் தொடையில் கட்டம் கட்டமாகத் தடம் விழும். அதனால்தான் அசல் நாற்காலிக்கே மெத்தையும் சேர்த்து விற்கிறார்கள். நீங்களும் நழுவாமல் கட்டக்கூடிய மெத்தையாகப் பார்த்துப் போடுங்கள்.

சரி, பால் கொடுக்க ஆகுமா? டயமண்ட் நாற்காலி தாழ்வானது, பின்பக்கம் சாய்ந்தது. ஓய்வாகப் பேப்பர் படிக்க ஏற்றது. பால் கொடுக்கும்போது முதுகுக்கு அணை வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், முழங்கைக்குத் தாங்கல் வேண்டும். இல்லாவிட்டால் குழந்தையை நோக்கிக் குனிந்து குனிந்தே கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். சிசேரியன் ஆனவர்கள் பள்ளமான நாற்காலியிலிருந்து குழந்தையோடு எழுந்திருக்கும்போது தையல் சுருக்கென்று இழுக்கும். ஆகவே அதற்கு நிமிர்ந்த முதுகும் கைப்பிடியும் உள்ள சாதாரண நாற்காலியே நல்லது. மடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் குழந்தை தானாக மார்பு உயரத்துக்கு வந்துவிடும்.

வாங்குவதாகவே இருந்தால், கடையில் கால்மணி நேரம் கூச்சப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் இருக்கட்டும். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா பாருங்கள். பற்றவைத்த இடங்களை ஒரு துணியால் தடவுங்கள்; நூல் சிக்கினால் அங்கே கூர் இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வலையின் கட்டத்தில் பிஞ்சு விரலோ பாதமோ மாட்டிக்கொள்ளலாம். பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும்போது நாற்காலியே சாயவும் கூடும். கடலோரத்தில் குடியிருப்பவர்கள் பூச்சு உரிந்த இடத்தை உடனே கவனியுங்கள். துரு சீக்கிரம் பரவிவிடும்.

மாமியாரோ அம்மாவோ கூட இருந்தால், வாங்குவதற்கு முன் அவர்களையும் ஒருமுறை உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு எழுந்திருப்பதுதான் பெரிய சோதனை!