கேட்டமரான் தமிழன் கண்டுபிடிப்பா? பதில் அந்தக் ‘கட்டு’ல இருக்கு

செமினி - மணிக்கு 100 கிலோமீட்டர். நம்ம நெடுஞ்சாலையில் கார் ஓடும் வேகம். 2025-இல் செயில்ஜிபி பந்தயத் தொடரில் ஒரு பாய்மரப் படகு இந்த வேகத்தைத் தாண்டியது. எஞ்சின் தள்ளவில்லை; காற்று மட்டும்தான். அந்தப் படகின் பெயர் எஃப்50. வகை: கேட்டமரான்.

இப்படி ஒரு செய்தி வந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் அடுத்து என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். “கேட்டமரான் என்பது நம்ம கட்டுமரம். இதைக் கண்டுபிடித்தவன் தமிழன். பகிருங்கள்!”

இது பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால், பெருமைப்பட இன்னும் நல்ல காரணம் கிடைக்கும். குறிப்பாக மலேசியாவில் இருக்கும் நமக்கு.

சொல் நம்முடையது. வடிவம்?

சொல்லில் சந்தேகமே இல்லை. கட்டு, மரம். கட்டப்பட்ட மரம். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரங்களைப் பற்றி 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குள் போன வழிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் டாம்பியர் பார்த்தது இரட்டைப் படகு இல்லை. சில மரத்துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டிய மிதவை. இன்று ‘கேட்டமரான்’ என்றால் நாம் நினைப்பது வேறு: இரண்டு ஒல்லியான படகு உடல்கள், நடுவில் இடைவெளி, இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். அந்த வடிவத்தை வளர்த்தவர்கள் ஆஸ்ட்ரோனேசிய மக்கள். பசிபிக் தீவுகளிலிருந்து மடகாஸ்கர் வரை படகிலேயே பரவியவர்கள். மலாய் மொழியும் அந்த மொழிக் குடும்பம்தான்.

8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களில், பக்கவாட்டு மிதவை வைத்த கப்பல்களை இப்போதும் பார்க்கலாம். அதைப் பார்த்துக் கட்டிய ‘சமுத்ர ரக்ஷா’ என்ற படகு 2003-இல் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பி, 2004-இல் ஆப்பிரிக்காவின் கானாவைப் போய்ச் சேர்ந்தது.

ஆக, ‘கேட்டமரான்’ என்ற ஒரே பொருளில் தமிழ்ச் சொல்லும் இருக்கிறது, மலாய் மொழியின் சொந்தக்காரர்கள் வளர்த்த தொழில்நுட்பமும் இருக்கிறது. இந்தக் கதையை நம் நாட்டைவிடப் பொருத்தமாக வேறு எங்கே சொல்ல முடியும்?

அப்போ கட்டுமரத்துல என்ன விசேஷம்?

கட்டுமரம் பிரிக்கக்கூடிய படகு. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சோழமண்டலக் கரையில் பெரும்பாலான இடங்களில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த மணல் கரை, அதில் மோதி உடையும் அலை. பள்ளமான படகாக இருந்தால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். கட்டுமரத்தில் அந்தப் பிரச்சினையே இல்லை. மேலே ஏறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். இறைத்து ஊற்ற வேண்டியதில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, நீரில் ஊறிய மரங்களை வெயிலில் காய வைப்பார்கள். அடுத்த முறை மீண்டும் கட்டுவார்கள். பாய் விரித்துப் போகும்போது காற்று பக்கவாட்டில் தள்ளாமல் இருக்க, மரங்களுக்கு இடையே ஒரு பலகையைக் கீழே சொருகுவார்கள். கரை நெருங்கினால் மேலே இழுத்துவிடுவார்கள்.

அவிழ்க்கும் கட்டு, ஏற்றி இறக்கும் பலகை. இன்றைய பொறியாளர்கள் ‘அசையும் பாகங்கள்’ என்று தனித் துறையாகவே பேசும் விஷயத்தின் இரண்டு எளிய வடிவங்கள் இவை.

சரி, எதுக்கு இரண்டு உடல்?

எல்ஆர்டியில் பிடி இல்லாமல் நிற்கும்போது என்ன செய்வீர்கள்? கால்களை அகட்டி வைப்பீர்கள். அதே கணக்குதான். இரண்டு உடல்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் படகு எளிதில் சாயாது. சாயாமல் இருக்க அடியில் கனமான ஈயமோ இரும்போ தேவையில்லை. எடை குறைகிறது. ஒவ்வொரு உடலும் ஒல்லியாக இருப்பதால் தண்ணீரைத் தள்ள வேண்டிய சிரமமும் குறைகிறது. வேகம் கூடுகிறது.

ஆனால் சும்மா கிடைப்பதில்லை. இரண்டு உடல்களும் ஒரே அலையில் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. வலது பக்கம் மேலே போகும்போது இடது பக்கம் கீழே இருக்கும். அந்த முறுக்கு முழுவதும் நடுவில் இருக்கும் இணைப்பின் மீது விழும். இரட்டைப் படகின் உயிர் உடலில் இல்லை, இணைப்பில் இருக்கிறது.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, அசையவே விடாமல் இறுக்குவது. இன்னொன்று, கொஞ்சம் அசைய விடுவது.

அமெரிக்க வடிவமைப்பாளர் நதானியேல் ஹெரெஷாஃப் இரண்டாவது வழியில் போனார். 1876-இல் அவர் கட்டிய ‘அமரில்லிஸ்’ படகில், இரண்டு உடல்களும் தனித்தனியே ஏறி இறங்கும்படி மூட்டுகள் இருந்தன. நம் தோள்பட்டை மூட்டு மாதிரி. அந்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் மற்ற படகுகளை எளிதாக முந்தியது. பரிசு? தோற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, ‘இது இந்தப் பிரிவுக்கான படகே இல்லை’ என்று ஒதுக்கிவிட்டார்கள்.

2021-இல் காலமான பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரம் இன்னும் எளிமையாக யோசித்தார். பசிபிக் தீவுப் படகுகளைப் பார்த்து, குறுக்குச் சட்டங்களை போல்ட் போட்டு முடுக்காமல் கயிற்றால் கட்டினார். அலை முறுக்கும்போது கயிறு கொஞ்சம் நெகிழும், சட்டம் உடையாது. கயிறு தேய்ந்தால் புதுக் கயிறு. வீட்டிலேயே படகு கட்ட விரும்பியவர்களுக்கு அவருடைய வரைபடங்கள் உலகம் முழுவதும் போயின.

மீண்டும் ‘கட்டு’. கவனித்தீர்களா?

மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்

அகலம்தான் இந்தப் படகுகளின் பலம். அதே அகலம்தான் தலைவலியும். படகுத்துறையில் கூடுதல் இடம், கூடுதல் கட்டணம். சாலையில் கொண்டு போகவே முடியாது.

நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வேலையைத் தொடங்கிய இயன் ஃபாரியர் 1970-களில் இதற்கு ஒரு வழி சொன்னார். நடுவில் ஒரு உடல், இரு பக்கமும் சிறு மிதவைகள் என மூன்று உடல் கொண்ட டிரைமரான். மிதவைகளைத் தாங்கும் கைகள் மடங்கும். சிறகை மடக்கும் பறவையைப் போல, மிதவைகள் நடு உடலோடு வந்து ஒட்டிக்கொள்ளும். அவருடைய எஃப்-27 படகு விரித்தால் 5.8 மீட்டர் அகலம். மடித்தால் சுமார் 2.6 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு லோரியின் அகலம். இந்தப் பரம்பரைப் படகுகள் இப்போது நமக்குப் பக்கத்திலேயே, வியட்நாமில் தயாராகின்றன.

இதன் அர்த்தம் என்ன? செமினி மாதிரி கடல் இல்லாத ஊரில் வீடு இருந்தாலும், படகை வாசலில் நிறுத்தி வைக்கலாம். டிரெய்லரில் பூட்டிக் கிள்ளான் துறைமுகம் வரை இழுத்துப் போய்த் தண்ணீரில் இறக்கலாம். சிலாங்கூரின் சேறு படிந்த ஆற்று முகத்துவாரங்களில், நடுப் பலகையை மேலே இழுத்துக்கொண்டால் தரை தட்டாமல் போகலாம். கட்டுமரக்காரர் கரை நெருங்கும்போது செய்த அதே வேலை.

தண்ணீருக்கு மேலே எப்படிப் பறக்குது?

எஃப்50-க்குத் திரும்புவோம். கட்டுமரத்தில் சொருகிய பலகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ்முனைக்கு விமான இறக்கையின் வடிவம் கொடுத்தால் என்ன ஆகும்? வேகம் கூடும்போது அந்த நீரிறக்கை படகையே மேலே தூக்கிவிடும். உடல்கள் இரண்டும் தண்ணீரை விட்டு எழும்பிவிடும். தண்ணீரின் இழுப்பு பெருமளவு குறையும்.

நியூசிலாந்து அணி 2012-இல் தன் 72 அடி கேட்டமரானை இப்படி எழுப்பிக் காட்டியது. 2013 அமெரிக்கக் கோப்பையில் மோதிய இரண்டு படகுகளும் பறந்தன. ஓட்டும்போதே நீரிறக்கையை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள், அதன் கோணத்தை மாற்றுகிறார்கள். துணிப் பாய்க்குப் பதிலாக விறைப்பான இறக்கை நிற்கிறது. அதன் பின்பகுதியும் விமானத்தில் இருப்பதுபோல அசைகிறது.

ஆனா, ஒவ்வொரு மூட்டும் ஒரு பலவீனம்

அசையும் பாகம் என்றால் தேயும் பாகம், சிக்கும் பாகம், உடையும் பாகம் என்றும் அர்த்தம். அடியில் கனமான எடை வைத்த ஒற்றை உடல் படகு சாய்ந்தால், பெரும்பாலும் தானாக நிமிரும். கேட்டமரான் கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். இந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

2013 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பயிற்சியின்போது ஆர்டெமிஸ் அணியின் 72 அடி கேட்டமரான் கவிழ்ந்து உடைந்தது. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் உயிரிழந்தார். அதன்பின் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. வேகம் கூடக்கூட, தவறுக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது என்பதை உலகம் அப்போது பார்த்தது.

நமக்கு இதுல என்ன?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரைக்கு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன. அதற்கு முன்பே தொடங்கியிருந்த மாற்றம் வேகமெடுத்தது. எஞ்சின் பொருத்தலாம், தூரம் போகலாம், பிடிப்பும் அதிகம். மீனவர்கள் மாறியதில் எந்தத் தவறும் இல்லை. கட்டுமரத்திலேயே ஃபைபர் வடிவமும் வந்துவிட்டது. ஒரே துண்டு. அவிழ்க்க வேண்டியதில்லை, கட்டவும் வேண்டியதில்லை.

இதில் மெல்ல மறைவது மரம் மட்டும் இல்லை. எந்த மரத்தை எதோடு சேர்க்கணும், எந்த இடத்தில் இறுக்கணும், எங்கே தளர்வு விடணும் என்ற கணக்கு. அது பெரும்பாலும் கைகளில் இருந்தது, புத்தகத்தில் இல்லை. அதே கணக்கைத்தான் ஹெரெஷாஃப் மூட்டாகவும், வாரம் கயிறாகவும் வேறு கரைகளில் தேடினார்கள். அவர்களிடம் வரைபடம் இருந்தது, அதனால் பெயரும் நின்றது. கட்டுமரம் கட்டியவர்களின் பெயர் நம்மில் யாருக்கும் தெரியாது.

அதனால் அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தால், ‘பொய்’ என்று சொல்லி முடித்துவிட வேண்டாம். ‘ஆமாம்’ என்று அப்படியே பகிரவும் வேண்டாம். சொல் தமிழ், இரட்டை உடல் ஆஸ்ட்ரோனேசியம், இரண்டுக்கும் பொதுவானது ‘கட்டு’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

செமினியில் உள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்திலோ, கிள்ளான் பள்ளத்தாக்கின் வேறு எந்தக் கல்லூரியிலோ பொறியியல் படிக்கிறீர்கள் என்றால், இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஒரு யோசனை. ஒரு கட்டுமரக் கட்டு அலையில் எவ்வளவு முறுக்கைத் தாங்கும்? அளந்து, வரைந்து, எழுதி வையுங்கள். கட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் அந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க, நமக்கு மொழியும் இருக்கிறது.