டிஸ்க் போனால் வாங்கலாம், கணக்கு போனால்?

நம் வணிகர்கள் பலரது கடைகளில் இன்று பேரேட்டின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது. கொள்முதல், விற்பனை, சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் நிலுவை, வரிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். அந்தக் கணிப்பொறியோ பல கடைகளில் எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. மாவும் மிளகாய்த்தூளும் பறக்கும் இடத்தில், மேசைக்கடியில், மூட்டைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பாகவே நிற்கும். ஹார்டு டிஸ்க் எழுந்திருக்காது.

வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது பதற்றம் வருவது இயல்புதான். உடனே பழுது பார்ப்பவரை அழைத்து, "எப்படியாவது சீக்கிரம் ஓட வையுங்கள்" என்கிறோம். நஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. "முதலில் என் கணக்கை எடுத்துக் கொடுங்கள், பிறகு மெஷினைப் பாருங்கள்" என்று சொல்வதே சரி. மெஷினை ஓட வைப்பது ஒரு வேலை, கணக்கைக் காப்பாற்றுவது வேறு வேலை. முதல் வேலையை அவசரமாகச் செய்தால் இரண்டாவது கெட்டுப்போகும்.

முதலில் பார்க்க வேண்டியவை

டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் சில எளிய சோதனைகள் உண்டு. "ஆபரேட்டிங் சிஸ்டம் காணவில்லை" என்று திரையில் வந்தால், செருகியிருக்கும் பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். கணிப்பொறி அதிலிருந்து தொடங்க முயன்று தோற்றிருக்கலாம். தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால், உள்ளே இருக்கும் வட்டமான 2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் கணிப்பொறி தன் அமைப்புகளை மறந்துவிடும். பழைய மெஷின்களில் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் நிற்பதும் உண்டு. சில பத்து ரூபாய் பேட்டரியோடு முடிய வேண்டிய வேலைக்கு டிஸ்க்கையே மாற்றிவிடக் கூடாது.

அடுத்து மின் இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு, டிஸ்க்குக்கு வரும் இரண்டு ஒயர்களையும் கழற்றி இறுக்கமாக மாட்டச் செய்யுங்கள். தூசி, அதிர்வு, எலிக்கடி ஆகிய மூன்றும் மளிகைக் கடையில் சகஜம். ஒயரை மாற்றியதும் டிஸ்க் எழுந்துகொள்வதும் உண்டு.

ஒலியைக் கேளுங்கள்

பிறகு காதை வைத்துக் கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் மின்சாரம் போகவில்லை, அல்லது டிஸ்க்கின் மின்சுற்றோ மோட்டாரோ பழுது. "டிக், டிக்" என்று தட்டும் சத்தம் வந்தால் அந்த விநாடியே அணைத்துவிட வேண்டும்.

காரணம் இதுதான். உள்ளே இருக்கும் தட்டுகள் சாதாரணமாக நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியின் கனத்தைவிட மிக மிகச் சிறிய இடைவெளியில் மிதக்கிறது. அந்த முனை கெட்டுப்போனால் இருக்கும் இடம் தெரியாமல் திரும்பத் திரும்ப முட்டுகிறது. அதுதான் அந்தச் சத்தம். முனை தட்டில் உரசினால் காந்தப் பூச்சு சுரண்டப்படும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த கணக்கை எந்த நிபுணராலும் திருப்பித் தர முடியாது. "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று பத்துத் தடவை போடுவது, நம் பேரேட்டை நாமே கிழிப்பதற்குச் சமம்.

ஃபிரிட்ஜில் வைப்பது, தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது ஆகிய கைவைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். பழைய காலத்து டிஸ்க்குகளில் முனை தட்டிலேயே ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது லேசாகத் தட்டினால் சில நேரம் ஓடியது. அந்தப் பழக்கம் இன்னும் வாய்வழியாகத் தொடர்கிறது. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த டிஸ்க்கில் ஈரம் படியும். திறந்த டிஸ்க்கில் கடைத் தூசி விழும். இரண்டுமே கேடு.

ஃபார்மட் என்ற பேச்சு

சத்தம் சரியாக இருந்தும் விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால், "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். மெஷின் சரியாகும், கணக்கு அழியும். டிஸ்க்கைக் கழற்றி, நல்ல கணிப்பொறி ஒன்றில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, கணக்கு இருக்கும் ஃபோல்டரை முதலில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சரிபார்க்கும் புரோகிராமும் அதற்குப் பிறகுதான். மாற்றிய பழைய டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் வாடிக்கையாளர் பெயரும் பாக்கியும் அதில் இருக்கின்றன.

சட்டமும் இதை விடவில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். மின்னணுக் கணக்குக்கு முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்று 57ஆவது விதி சொல்கிறது. "டிஸ்க் போய்விட்டது" என்ற பதில் அதிகாரியிடம் செல்லாது. வரிக் கணக்காவது தாக்கல் செய்த அளவுக்கு அரசுத் தளத்தில் கிடைக்கும். அடுத்த தெரு டீக்கடைக்காரர் தர வேண்டிய சர்க்கரைப் பாக்கி எந்தத் தளத்திலும் இல்லை. அது நம் டிஸ்க்கில் மட்டுமே இருக்கிறது.

"பழையபடி நோட்டுக்கே போய்விடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் நம் முன்னோர் நாள்வழியும் பேரேடும் தனித்தனியாக வைத்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பேரேடு கெட்டால் நாள்வழியைக் கொண்டு மீண்டும் எழுத முடிந்தது. அந்த ஒழுங்கைக் கணிப்பொறி வந்ததும் நாம் கைவிட்டோம்.

அதை மீட்பது கடினமல்ல. வெளியே மாட்டும் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். கல்லாவை எண்ணி முடித்ததும் ஒரு நாள் ஒன்றிலும் மறுநாள் மற்றதிலும் நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் மின் ஏற்றமும் வைரஸும் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும். அன்று நகல் எடுத்த டிஸ்க் முதலாளியோடு வீட்டுக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். வாரம் ஒருமுறை நிலுவைப் பட்டியலைக் காகிதத்தில் அச்செடுங்கள்.

கிளைச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணிப்பொறியைப் பழுதுக்குக் கொடுக்கும்போது, "நகல் எடுக்காமல் ஃபார்மட் செய்யமாட்டோம்" என்று எழுதிய ரசீதை உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக வையுங்கள். ஒரு கிலோ பருப்புக்கும் பில் கொடுக்கும் நாம், நம் மொத்தக் கணக்கையும் ஒப்படைக்கும்போது ஒரு ரசீது கேட்பதில் தவறே இல்லை.