மிக்சி வந்தது, கரண்டு எங்கே?

2012-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டில் ஒரு சாதாரண வீடு. கூடத்தில் ஒரு கலர் டிவி. 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. கொடுத்தது. அடுப்படியில் மிக்சி, கிரைண்டர், பக்கத்தில் ஒரு மின்விசிறி. 2011-இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. கொடுத்தது. நான்கும் அரசாங்கத்தின் உபயம். நான்கும் ஓட வேண்டுமானால் ஐந்தாவதாக ஒன்று வேண்டும். அதுதான் இல்லை... கரண்டு!

சென்னைக்கு வெளியே அந்த ஆண்டின் பிற்பகுதியில் பல மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. சென்னைக்கு மட்டும் இரண்டு மணி நேரம். கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தவர் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். விசைத்தறிக்காரர்களுக்குத் தறி ஓடினால்தான் கூலி. திருப்பூரில் ஜெனரேட்டர் வாங்க முடிந்தவர் டீசலுக்கே லாபத்தைக் கொட்டினார். உயரழுத்த மின் இணைப்பு வைத்திருந்த ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி. நன்றாகப் பிழைத்தவர் ஒருவர்தான், இன்வெர்ட்டர் கடைக்காரர்!

இது திடீரென்று வந்த புயல் அல்ல. 2008-லேயே வெட்டு கடுமையாகிவிட்டது. அப்போதைய மின்துறை அமைச்சர் ஆற்காடு வீராசாமியின் பெயரே மின்வெட்டுக்குப் பட்டப்பெயர் ஆனது. "போன ஆட்சி மின்நிலையம் கட்டவில்லை" என்றார்கள் இவர்கள். ஆட்சி மாறியதும் அதே வசனத்தை அவர்கள் பேசினார்கள். ஆள்தான் வேறு, வசனம் ஒன்று.

இதைச் சொன்னவுடன் "இலவசமே கூடாது" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அது தவறு. காமராஜர் 1956-இல் கொண்டுவந்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவும் இலவசம்தான். அவை பசித்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவந்தன. படித்த பிள்ளை சம்பாதித்தது, குடும்பம் நிமிர்ந்தது. ஏழைக்குக் கொடுப்பதில் குற்றம் இல்லை. எதை முதலில் கொடுப்பது என்று தெரியாததுதான் குற்றம்.

ஒரு சின்னக் கணக்கு. தி.மு.க. ஆட்சியில் கொடுத்த டிவிக்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். ஒரு டிவிக்கு 50 வாட் என்று வையுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 750 மெகாவாட். மேட்டூரில் புதிதாகக் கட்டிய அனல்மின் அலகின் மொத்தத் திறனே 600 மெகாவாட்தான்! எல்லா டிவியும் ஒரே நேரத்தில் ஓடுமா என்று கேட்காதீர்கள். ராத்திரி சீரியல் நேரத்தில் பாதியாவது ஓடாதா? அதற்கு மேல் கிரைண்டர், மிக்சி, ஃபேன். பந்திக்கு ஆளை அழைத்துவிட்டு உலையே வைக்காத கதை இது.

ஏன் இப்படி? முட்டாள்தனமா? இல்லவே இல்லை, நல்ல புத்திசாலித்தனம்! கணக்குப் பதிவியல் படிக்கிற மாணவனுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித்தருவது மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்ற வித்தியாசம். முன்னது பல வருடம் கழித்துப் பலன் தரும். பின்னது அன்றைக்கே தீர்ந்துபோகும். அரசியல்வாதிக்கு அன்றைக்கே தீர்ந்துபோவதுதான் பிடிக்கும். காரணம், மின்நிலையம் கட்ட ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும், தேர்தலோ ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. தி.மு.க. ஆட்சியில் வேலை தொடங்கிய மேட்டூர், வடசென்னைப் புதிய அலகுகள் 2013, 2014 வாக்கில்தான் ஓட ஆரம்பித்தன. 2014 ஜூன் முதல் மின்வெட்டு இல்லை என்று அறிவித்தவர் ஜெயலலிதா. நட்டவர் ஒருவர், பழம் பறித்தவர் இன்னொருவர். இதைப் பார்த்த பிறகு யாருக்கு மரம் நட மனசு வரும்? மிக்சியில் படம் ஒட்டலாம். மின்கம்பியில் ஒட்ட முடியுமா?

ஆட்சி நடத்தும் திறமையாவது இருந்ததா? ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம். 2010 மார்ச் 13-இல் பிரதமர் மன்மோகன் சிங் திறந்தார். அப்போது கட்டிடத்தின் கோபுரமே முடியவில்லை! சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட் கோபுரம்தான் மேலே நின்றது. அடுத்த வருடம் ஆட்சி மாறியது, செயலகம் மறுபடி கோட்டைக்கே போனது. 2014-இல் அந்தக் கட்டிடம் மருத்துவமனை ஆனது. 2011-இல் சமச்சீர்க் கல்விப் புத்தகங்களை அச்சடித்து வைத்துவிட்டு, ஆட்சி மாறியதால் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போடும் வரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். கோட்டூர்புரம் நூலகத்தையும் மருத்துவமனை ஆக்கப் பார்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடுத்தது. ஒருவர் கட்டுவார், அடுத்தவர் மாற்றுவார். இரண்டுக்கும் பணம் கொடுப்பவர் ஒருவரே.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அந்த ஊரான் யார் என்பதுதான் கேள்வி. 2003-க்குப் பிறகு 2010 வரை மின்கட்டணத்தைத் தொடவில்லை. ஓட்டு போய்விடுமே! பற்றாக்குறையைச் சமாளிக்க வெளியில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்கினார்கள். மின்வாரியம் கடனில் மூழ்கியது. 2012 ஏப்ரலில் ஒரே அடியாகச் சராசரியாக 37 சதவீதக் கட்டண உயர்வு. அதுவும் போதவில்லை. 2017 ஜனவரியில் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மின்பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அரசின் தலை என்றால் வரி கட்டுகிற ஜனங்களின் தலை. 2022 செப்டம்பரில் மறுபடி கட்டணம் ஏறியது. அந்த இலவச டிவிக்கள் அதற்குள் காயலான் கடைக்குப் போயிருக்கும். கடன் மட்டும் வட்டியோடு வீட்டிலேயே இருக்கிறது!

2011-இல் மின்வெட்டுக்காக ஒரு கட்சியைத் தோற்கடித்த ஜனங்களுக்குக் கோபப்படத் தெரியும். ஆனால் ஆளை மாற்றியதோடு கோபம் அடங்கிவிட்டது. வந்தவரிடம் கணக்குக் கேட்கவில்லை. அடுத்த முறை வாசலில் வந்து நின்று "என்ன வேண்டும்?" என்று கேட்கிறவர்களிடம் பொருள் கேட்க வேண்டாம். "ஐந்து வருடம் கழித்து முடியப்போகிற எந்த வேலையை நீங்கள் இன்றைக்கு ஆரம்பிப்பீர்கள்? பாதியில் கிடக்கிற எதிர்க்கட்சிக்காரர் வேலை எதை முடிப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

பதில் சொல்லத் தெரிந்தவருக்கு ஓட்டு. தெரியாதவருக்கு ஒரு மெழுகுவர்த்தி... இலவசமாக!