வைக்கோற்போருக்கும் காய்ச்சல் வரும்

மூன்றாம் ஆண்டு, தாவரவியல்

சிற்றூரில் ஒரு வைக்கோற்போர் எரிந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, “எவன் வைத்தான்?” என்பதுதான். வரப்புத் தகராறு நினைவுக்கு வரும். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை நினைவுக்கு வரும். போர் எரிந்து அடங்கிய பிறகும் பகை அடங்குவதில்லை. யாரும் வைக்காமலே போர் தானாகப் பற்றிக்கொள்ளும் என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்?

நம்பத்தான் வேண்டும். பீடித் துண்டாலும் மின்கம்பிப் பொறியாலும் எரியும் போர்கள் உண்டு. ஆனால் ஈரத்தோடு அடுக்கிய போருக்கு வெளிநெருப்புத் தேவையில்லை. ஈர வைக்கோலில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பெருகிச் சுவாசிக்கின்றன. அதனால் வெப்பம் பிறக்கிறது. வைக்கோல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் அது போரின் நடுவிலேயே தங்கிவிடுகிறது. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசில் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை மடிந்தாலும் சூடு தணிவதில்லை. அதன்பின் வேதிவினைகள் அதை மேலும் ஏற்றுகின்றன. போர் போட்ட முதல் ஆறு வாரங்கள் மிகவும் கவனிக்க வேண்டியவை.

நம் முன்னோர் தாளை வெயிலில் புரட்டிக் காயவைத்த பிறகே போர் போட்டனர். இன்றோ அறுவடை இயந்திரம் காலையில் இறங்கி மாலையில் கரையேறிவிடுகிறது; வைக்கோல் கட்டும் இயந்திரம் பின்னாலேயே வருகிறது. காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடையோடு பருவமழையும் சேர்ந்துகொள்கிறது. இயந்திரத்தை நான் குறை கூறவில்லை. வேகம் வந்த அளவுக்கு விழிப்பு வரவில்லை என்பதே என் குறை.

விழிப்புக்குப் பெருஞ்செலவு இல்லை. நீண்ட இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகி, கால்மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கலாம். கை பொறுக்காவிட்டால் போருக்குக் காய்ச்சல்! துளையிட்ட குழாயைச் செருகி, அதனுள் வெப்பமானியைக் கயிற்றில் இறக்கினால் அளவே தெரிந்துவிடும். 50 டிகிரிக்குள் என்றால் கவலையில்லை. 55ஐத் தாண்டினால் நாள்தோறும் பார்க்க வேண்டும். 65ஐ நெருங்கினால், தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு பிரித்து ஆறவிட வேண்டும். 80ஐ எட்டிவிட்டால் பிரிக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றும். 101க்குச் சொல்லி, தீயணைப்பு வண்டி வந்தபின்பே கைவைக்க வேண்டும். அப்போரின் மேல் ஏறுவதும் ஆபத்து. உள்ளே கருகிக் குழியாகியிருக்கலாம்.

தீப்பிடிக்காவிட்டாலும் இழப்பு உண்டு. சூடேறிய வைக்கோல் பழுப்பேறிப் புகையிலை வாடை அடிக்கும். மாடு அதை விரும்பித் தின்னவும் கூடும். ஆனால் அதிலுள்ள புரதம் செரிக்காதபடி மாறிவிடுகிறது. வைக்கோலில் புரதம் இயல்பாகவே குறைவு. அதையும் இழந்தால் மாட்டின் வயிறு நிரம்பும், உடல் தேறாது. ஒற்றைப் பசுவை நம்பிக் கோடையைக் கடக்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பா?

ஊராட்சிதோறும் இத்தகைய வெப்பமானி ஒன்று இருக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நாம், சாலையைச் செப்பனிடுவதோடு போர்களின் சூட்டையும் அளந்து காட்டுவோம். ஆய்வகத்தில் கற்ற கல்வி களத்துமேட்டுக்குப் பயன்பட வேண்டாமா? இனி ஒரு போர் எரிந்தால், “எவன் வைத்தான்?” என்று கேட்கும் முன்னர், “காயவைத்துத்தான் போட்டோமா?” என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.