பெருந்திணையும் பிறமொழிக் காதற் படங்களும்

காதற் கதை என்றால், இருவர் கண்டு, இருவரும் விரும்பி, இடையூறு நீங்கி, இல்லறம் எய்துவது என்பதே நம்மவர் பலரின் எண்ணம். அவ்வழியிற் செல்லாத காதலை விசர்க் கூத்து என்று ஒதுக்கிவிடுகின்றோம். இலக்கணம் கற்றோரும் இதற்கு விலக்கல்லர். அகத்திணை ஏழென வகுத்த தொல்காப்பியர், ஒருதலைக் காமமாகிய கைக்கிளையை முதலிலும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையை இறுதியிலும் வைத்தார். நமது வகுப்பறைகளிலோ நடுவிலுள்ள ஐந்திணையே ஆட்சி செய்கின்றது. முதலும் முடிவும் இரண்டொரு வாக்கியத்திற் கழிந்துவிடுகின்றன.

இவ்வாறு பெருந்திணையைத் தள்ளிவைத்தல் இக்காலத்துக்கு ஏற்றதன்று என்பதே ஈண்டு யாம் சொல்லப் புகுவது. இதனை வலியுறுத்தத் திரைப்படங்களைச் சான்று காட்டுவது ஒரு பண்டிதனுக்கு அடுக்குமோ என அன்பர் சிலர் வினவுதல் கூடும். பொருள் நல்லதாயின் அது வந்த வாயிலைப் பற்றி வழக்காடுவானேன்?

சென்ற விடுமுறையில் எம் மாணாக்கர் எம்மோடு ஒரு பந்தயம் வைத்தனர். உலகத்துக் காதற் படங்களுள் விசித்திரமானவை எனப் பெயர்பெற்ற ஐந்தினை, இரவுக்கு ஒன்றாக, இடையில் எழுந்து போகாமற் பார்த்து முடித்தல் வேண்டும்; பார்த்தபின் ஒளியாமற் கருத்துரைத்தலும் வேண்டும். உடன்பட்டோம். ஐந்தும் பார்த்தோம்.

முதலாவது, ஹவார்ட் ஹோக்ஸ் 1938 இல் ஆக்கிய 'பிறிங்கிங் அப் பேபி'. தொல்லுயிர் ஆராய்ச்சியாளன் ஒருவன். திருமணம் அவனுக்குக் காத்திருக்கின்றது. பழக்கிய சிறுத்தையொன்றோடு வரும் செல்வ மங்கை அவன்மேற் காதல் கொள்கின்றாள். அவன் குளிக்கும் வேளையில் அவனுடைய உடையை அப்புறப்படுத்தி, அவனைப் போகவொட்டாமற் செய்துவிடுகின்றாள். வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபின் மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இதை ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குச் செய்திருந்தால் நாங்கள் சிரித்திருப்போமா?" நல்ல வினா. அவ்வினாவையே மற்றை நான்கு படங்களுக்கும் உரைகல்லாகக் கொண்டோம்.

இரண்டாவது, 1993 இல் வெளிவந்த 'கிரவுண்ட்ஹொக் டே'. வானிலை கூறும் ஒருவனுக்குப் பெப்ரவரி 2 ஆம் நாளே மீண்டும் மீண்டும் விடிகின்றது. உடன் வேலைசெய்யும் றீற்றாவுக்கு எது பிடிக்கும் என்பதை இன்று கேட்டறிந்து, விடிந்ததும் தனக்கும் அதுவே பிடிக்குமென நடிக்கின்றான். ஒவ்வோர் இரவும் கன்னத்தில் அறை வாங்குகின்றான். அறிவு ஈண்டு வலையாயிற்று. அம்முயற்சியைக் கைவிட்டுப் பியானோ பயின்று, மரத்திலிருந்து விழும் சிறுவனை நாள்தோறும் ஓடிச்சென்று தாங்கி, சாகக் கிடக்கும் ஏழைக் கிழவனைக் காக்க முயன்று தோற்று, மனிதனாகின்றான். அதன் பின்னர் அவளே முன்வருகின்றாள். எமக்கு இப்படம் மிகவும் பிடித்தது.

மூன்றாவது, ஹால் அஷ்பியின் 'ஹரோல்ட் அன்ட் மோட்', 1971. தற்கொலை செய்வதாக நடித்துத் தாயை மிரட்டும் இளைஞன், எண்பதை எட்டும் மூதாட்டியைக் காதலிக்கின்றான். இருவரும் கண்டது அந்நியரின் மரணச் சடங்கில். கேட்டவர் முகஞ் சுளிப்பர். ஆயின் தலைவி முதியளாய்த் தலைவன் இளையனாதலையும் பெருந்திணையின் ஒரு கூறாக இளம்பூரணர் உரைத்துள்ளார். மூதாட்டியின் கையில் நாஜிச் சிறைமுகாம் பொறித்த இலக்கம் ஒரு கணமே தோன்றி மறைகின்றது. படம் அதுபற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அத்துணைக் கொடுமையைக் கடந்து வந்தவள் வாழ்வை இவ்வளவு விரும்புகின்றாள். வாழவேண்டிய பிள்ளையோ சாவோடு விளையாடுகின்றான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. முகஞ் சுளிப்பதற்கு எமக்கு ஒன்றுங் கிடைக்கவில்லை.

நான்காவது, ஜூனேயின் பிரெஞ்சுப் படமாகிய 'அமெலி', 2001. பாரிஸ் நகரத்து மொன்மார்த்திரிலே பிறர் துயரை மறைந்திருந்து தீர்க்கும் பெண், தன் காதலனுக்கு மட்டும் முகங்காட்ட அஞ்சி ஓடுகின்றாள். றெனுவாரின் ஓவியமொன்றை ஆண்டுதோறும் பார்த்து வரையும் நோயாளிக் கிழவர் அவளுக்குத் தெம்பூட்டும் பகுதி அருமை. ஆனால் இறந்த கணவன் எழுதியதென ஒரு மனைவிக்குப் பொய்க்கடிதம் சமைத்தல் அன்பாகுமா? மாணாக்கர் இப்படத்தைத் தலைமேற் கொண்டாடினர். எமக்கோ அணி மிகுந்து பொருள் மெலிந்த செய்யுளைக் கற்றது போன்றிருந்தது.

ஐந்தாவது, 'லார்ஸ் அன்ட் த றியல் கேர்ள்', 2007. கூச்சமே உருவான ஒருவன் பொம்மையொன்றைத் தன் காதலியென்று வீட்டுக்கு அழைத்து வருகின்றான். வைத்தியரின் சொற்கேட்டுத் தமையனும் மைத்துனியும், பின் ஊர் முழுவதும், அப்பொம்மையைப் பெண்ணாகவே மதிக்கின்றனர். அவனோ அதனைத் தன்னோடு தங்கவிடாது, தமையன் வீட்டிலே தனியறை கேட்கின்றான். இறுதியில் பொம்மைக்கு ஊரே இறுதிக்கிரியை செய்கின்றது. அவ்விடத்தில் எம்மிற் கண் கலங்காதார் இலர்.

பனைமடலாற் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தெருவில் ஏறிவரும் தலைவனை நம் இலக்கியம் அறியும். அவனது பித்தை ஊர் கண்டு, ஊரே தீர்வும் தேடும். ஆனால் அம்மடலில் தலைவியின் சுற்றத்தாரை நாணச் செய்து பெண்ணைப் பெறும் ஒரு நெருக்குதலும் உண்டு. லார்ஸ் யாரையும் நெருக்கவில்லை.

தொல்காப்பியர் பெருந்திணைக்குக் கூறிய நான்கனுள் மடலும் உண்டு, மிடலும் உண்டு. மிடலாவது வலிமை. பித்தும் வலிமையும் ஒரே திணையில் அருகருகே நிற்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண்ணையே மாணாக்கருக்கு நாம் தரவேண்டும்.

தமிழ்த் திரையிலே நாயகன் பின்தொடர்வதும், வழிமறிப்பதும், வேண்டாம் என்ற சொல்லை வேண்டும் எனப் பொருள்கொள்வதும் காதலென்றே நெடுங்காலம் காட்டப்பட்டு வந்தன. பாட்டும் இசையும் கூடி அவ்வலிமையை மறைத்தன. அவற்றைக் கண்டு வளர்ந்தவன் வகுப்பறையிற் குறிஞ்சித் தலைவனைப் படிக்கின்றான். இரண்டும் ஒன்றென அவன் கருதினால், அன்றென்று காட்டும் பாடம் பெருந்திணையே. அதனை நாம் நடத்துவதில்லை. அதன் விளைவைப் பஸ் தரிப்பிடத்திலே தலைகுனிந்து நிற்கும் மாணவியர் அனுபவிக்கின்றனர்.

பிறநாட்டுப் படங்கள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பார் உளர். எதனையும் ஆராயாது பார்த்தல் கெடுக்கும். ஆசிரியர் உடனிருந்து ஆராயின் கெடுவதற்கு இடமில்லை. அகத்திணையியலை அடுத்த தவணையிற் கற்பிக்கப் போகும் ஆசிரிய அன்பர்கள் பெருந்திணைக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குவார்களாக. மாணாக்கர் தாம் பார்த்த படங்களிலிருந்தே மடலுக்கும் மிடலுக்கும் உதாரணங் கூறட்டும். மாணவியர் முதலிற் பேசட்டும்.