புத்தகத்தை மூடிய பிள்ளை

பிள்ளை படிக்கிறது என்பதற்கு நம் வீடுகளில் ஒரே அடையாளம், எதிரே புத்தகம் விரிந்திருப்பதுதான். அதை மூடி வைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், "என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கே, புத்தகத்தை எடு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அந்தக் குரல் ஓய்வதே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை உருப்படியாகப் படிப்பது ஒருவேளை அந்த நேரத்தில்தான்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சிறியதொரு உரைநடைப் பகுதி தரப்பட்டது. ஒரு குழு அதை நான்கு சுற்றும் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்தது. மீதி மூன்று சுற்றிலும் தாளைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதியது. எழுதியது சரியா தவறா என்று யாரும் சொல்லவும் இல்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் போனதும் எல்லாம் தலைகீழ். படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டிருந்தார்கள். நான்கு சுற்றும் படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம். எனக்கு அந்த மதிப்பெண்களைவிட இதுதான் கவலை தருகிறது. நான்காவது முறை படிக்கும்போது வரிகள் தடங்கலில்லாமல் ஓடுகின்றன. பார்த்துப் பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. "எல்லாம் படிச்சேன், ஆனா எழுதும்போது வரலை" என்று தேர்வு முடிந்து அழும் பிள்ளை பொய் சொல்லவில்லை. பார்த்ததும் அடையாளம் காண்பது வேறு, பார்க்காமல் தேடி எடுப்பது வேறு. முதல் வேலையை மாதக்கணக்கில் பழகிய பிள்ளையிடம் தேர்வறை இரண்டாவதைக் கேட்கிறது. தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நினைவு உறுதிப்படுகிறது. வராமல் திணறுகிற அந்தச் சில நிமிடங்களும் படிப்புதான்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் பாடம் பயிலும் முறையைச் சொல்கிறார். கேட்டதை நினைத்துப் பார்ப்பது, உடன் பயில்வோரோடு கலந்து பழகுவது, கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்கு விடை சொல்வது எல்லாமே அங்கே படிப்பின் பகுதிகள். மனப்பாடமும் அந்த வரிசையில் உண்டு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை நழுவ விட்டோமே என்பதே என் ஆதங்கம்.

கணக்கிலும் இதே கதைதான். தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வகையாக முடித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். வகைகளைக் கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. கலந்து வரும்போது எந்தச் சூத்திரம் பொருந்தும் என்பதையும் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி முழுக்க ஒரே மாதிரிக் கணக்கு வந்தால் அதற்கு வேலையே இல்லை.

ஆகவே, ஒரு பாடம் முடிந்ததும் பிள்ளை புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவிருப்பதை எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதைப் பார்க்கட்டும். இரண்டு நாள் விட்டு ஒருமுறை, அடுத்த வாரம் இன்னொரு முறை. விடிகாலை நான்கு மணிக்கு எழுப்புவதானால் இரவு ஒன்பதுக்கே படுக்க விடுங்கள். பகலில் படித்தது மூளையில் நிலைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஸ்லிப் டெஸ்டை வாரந்தோறும் வையுங்கள், ஆனால் அந்த மார்க்கைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். தப்பாக எழுதினால் அடி விழும், அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள் என்ற பயம் இருக்கும்வரை, எந்தப் பிள்ளையும் புத்தகத்தை மூடத் துணியாது.